நிக்கலோடியன் சர்ச்சைகளும் மும்பை ஆடிஷன் அழைப்பும்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

செம்பூர் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் செம்பூரில் வசிக்கிறோம். எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. பள்ளி ஆண்டு விழாவில் அவள் நடித்த நாடகத்தின் காணொளியை யாரோ பகிர, அதைப் பார்த்த, நடிகர்களை ஏற்பாடு செய்து கொடுக்கும் ஒரு கோஆர்டினேட்டர், குழந்தைகள் சேனல் ஒன்றின் நிகழ்ச்சிக்காக வெர்சோவா ஆராம் நகரில் ஆடிஷன் நடப்பதாகவும் குழந்தையை அழைத்து வரும்படியும் என் கணவருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருக்கிறார். அதில் சேனலின் பெயரும் இல்லை, தயாரிப்பு நிறுவனத்தின் பெயரும் இல்லை. ஆனால் வெளிர் நிற உடை அணிய வேண்டும், கட்டம் போட்ட சட்டை கூடாது, பெயர், வயது, உயரம் சொல்லி, பிறகு இரு பக்கமும் திரும்பி முகத்தைக் காட்டும் ஒரு காணொளியை முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்பவையெல்லாம் மிக விவரமாக எழுதப்பட்டிருக்கின்றன.

என் மாமியாருக்கு ஒரே மகிழ்ச்சி. அமெரிக்காவில் இருக்கும் என் தம்பியோ, நிக்கலோடியன் என்ற அமெரிக்கச் சிறுவர் சேனல் குறித்து 2024-ல் வந்த ஆவணத் தொடரைப் பார்த்துவிட்டு, எந்தக் காரணத்தைக் கொண்டும் அனுப்பாதே என்கிறான். குடும்பக் குழுவில் அதைப் பற்றி வந்து விழும் செய்திகளில் எது நடந்தது, எது கட்டிவிட்டது என்று பிரித்தறிய முடியவில்லை. அந்த சேனலின் வரலாறு என்ன, அங்கே உண்மையில் நடந்தது என்ன, அதே பெயரின் சுருக்கத்தோடு நம் பிள்ளைகள் இங்கே பார்க்கும் நிக் சேனலுக்கும் அதற்கும் எவ்வளவு தொடர்பு, இங்கே குழந்தைக்குச் சட்டப் பாதுகாப்பு ஏதேனும் உண்டா என்பதைத் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கோரேகாவ் அனிமேட்டர் எழுதியது:

அம்மா, நான் இந்தத் துறையில் நெடுங்காலமாக வேலை செய்கிறவன் என்பதால் வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வரலாறு தெரியாமல் சர்ச்சையை மட்டும் படித்தால், ஒரு கெட்ட மனிதரின் கதை என்றே தோன்றும். எனக்கு அது ஒரு நிர்வாகத்தின் கதையாகவே படுகிறது.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரின் கேபிள் சேவையில், 1977 டிசம்பர் 1 அன்று ‘பின்வீல்’ என்ற பெயரில் தொடங்கிய சிறுவர் ஒளிபரப்புதான் 1979 ஏப்ரல் 1 முதல் நிக்கலோடியன் என்ற பெயரில் நாடெங்கும் சென்றது. தொடக்க ஆண்டுகளில் அதில் விளம்பரமே கிடையாது. குழந்தைக்கு நல்லது எதுவோ அதை மட்டுமே தருவோம் என்ற கொள்கையோடு நடந்த அந்த சேனலை, உடம்புக்கு நல்லது ஆனால் பிள்ளைகள் தொடமாட்டார்கள் என்ற பொருளில் பச்சைக் காய்கறிச் சேனல் என்று கேலி செய்தார்கள். நட்டம் பெருகியது. 1984-ல் விளம்பரங்களை ஏற்றுக்கொண்டார்கள், அதே ஆண்டில் ஆரஞ்சு நிறச் சிதறல் சின்னம் வந்தது, ஜெரால்டின் லேபர்ன் என்ற நிர்வாகியின் கையில் சேனலின் குணமே மாறியது. பெரியவர்களின் உலகத்திற்கு எதிராகக் குழந்தைகளின் கட்சியில் நிற்கும் சேனல் என்று அது தன்னை அறிவித்துக்கொண்டது. தலைமேல் பச்சைக் கூழைக் கொட்டும் வேடிக்கை, கனடாவில் தயாரான ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியிலிருந்து வந்து அந்த சேனலின் அடையாளமாகவே ஆகிவிட்டது. பிறகு வயாகாம் என்ற அமெரிக்க ஊடகக் குழுமத்தின் கைக்கு வந்தது. 1991 ஆகஸ்டில் சொந்தக் கார்ட்டூன்கள், 1999-ல் ‘ஸ்பாஞ்ச்பாப்’, 2000-ல் நம் வீடுகளில் டோரா புஜ்ஜியாக அறிமுகமான ‘டோரா’ என்று வளர்ந்து, உலகம் முழுக்கப் பொம்மையும் புத்தகப்பையும் விற்கும் நிறுவனமாயிற்று.

சர்ச்சைகளில் வெகுகாலம் பேசப்பட்டவையெல்லாம் திரையில் தெரிந்ததைப் பற்றியவை. சிறுவர் நிகழ்ச்சிகளுக்கு இடையே மணிக்கு இத்தனை நிமிடங்களுக்கு மேல் விளம்பரம் கூடாது என்று 1990-ல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. வார நாளில் 12 நிமிடம், வார இறுதியில் பத்தரை நிமிடம். அதை மீறியதற்காக 2004-ல் வயாகாம் 10 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. 2006-ல் ஒரு நுகர்வோர் அமைப்பு, சத்தற்ற தின்பண்டங்களைக் குழந்தைகளிடம் விற்பதாகச் சொல்லி வயாகாமையும் கெல்லாக்ஸ் நிறுவனத்தையும் வழக்குக்கு இழுக்கப்போவதாக அறிவித்தது. 2011-ல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நான்கு வயதுக் குழந்தைகள் 60 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ‘ஸ்பாஞ்ச்பாப்’ தொடரை ஒன்பது நிமிடம் பார்த்த குழந்தைகள் கவனத்தையும் பொறுமையையும் சோதிக்கும் பயிற்சிகளில் உடனடியாகப் பின்தங்கினார்கள் என்று தெரிந்தது. அந்தத் தொடர் ஆறு வயதுக்கு மேற்பட்டோருக்கானது என்று சேனல் பதில் சொன்னது. இவ்வளவு விவாதத்திலும், திரைக்குப் பின்னால் அந்த நிகழ்ச்சிகளில் வேலை செய்த குழந்தைகளைப் பற்றி ஏறக்குறைய யாரும் பேசவில்லை.

இப்போது உங்கள் தம்பி பார்த்த விஷயத்திற்கு வருகிறேன். 2024 மார்ச்சில் வெளியான அந்தத் தொடரில், சேனலின் புகழ்பெற்ற சிறுவர் நடிகர்களில் ஒருவரான டிரேக் பெல், பதினைந்து வயதில் தனக்கு வசனப் பயிற்சியாளராக இருந்த பிரையன் பெக் தன்னைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கியதை முதன்முறையாகப் பெயர் சொல்லி வெளிப்படுத்தினார். இது வதந்தியன்று. 2003-ல் கைதான பெக், 2004-ல் குற்றச்சாட்டுகளை எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டு 16 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். பாதிக்கப்பட்டவர் சிறுவர் என்பதால் பெயர் மட்டும் இருபது ஆண்டுகள் வெளியே வரவில்லை. என்னை அதிர வைத்தது, அப்போது பெக்கிற்கு ஆதரவாக நீதிபதிக்குத் திரையுலகினர் பலர் கடிதம் எழுதியிருந்தார்கள் என்பதும், தண்டனைக்குப் பிறகும் அவர் வேறொரு சிறுவர் சேனலின் தொடரில் வேலை பெற்றார் என்பதும்தான். பெல்லின் தந்தை அந்தத் தொடரில் பேசுவதை நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும். அந்தப் பயிற்சியாளர் மகனிடம் பழகும் விதம் சரியில்லை என்று படப்பிடிப்பு நடக்கும்போதே தாம் சொன்னதாகவும், யாரும் காது கொடுக்கவில்லை என்றும், பிறகு மகனின் தொழில் விவகாரங்களிலிருந்து தாமே விலக்கப்பட்டதாகவும் அவர் கூறுகிறார்.

வாட்ஸ்அப்பில் பெக்கின் பெயரோடு சேர்த்துக் குழப்பப்படும் இன்னொருவர் தயாரிப்பாளர் டான் ஷ்னைடர். சேனலின் வெற்றித் தொடர்கள் பலவற்றை உருவாக்கிய அவரோடு 2018 மார்ச்சில் நிறுவனம் உறவை முறித்துக்கொண்டது. சேனல் நடத்திய உள் விசாரணையில் அவர் ஊழியர்களைச் சொல்லால் வதைத்ததாகப் பலர் கூறினார்கள், பாலியல் குற்றத்திற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2021-ல் செய்தி வெளியானது. 2024-ல் தம் நடத்தைக்காக அவர் மன்னிப்புக் கேட்டார், அதே நேரம் ஆவணத் தொடர் தம்மைக் குழந்தைகளுக்குக் கொடுமை செய்தவராகச் சித்திரிக்கிறது என்று அவதூறு வழக்கும் தொடுத்தார். ஆகவே இருவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது தவறு. நடிகை ஜெனட் மெக்கர்டி 2022-ல் எழுதிய நினைவு நூலில், அந்த சேனலில் தமக்கு நேர்ந்தவற்றை வெளியே சொல்லாமலிருக்க 3 லட்சம் டாலர் தர முன்வந்தார்கள், தாம் மறுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறார்.

டோம்பிவிலி தமிழன் எழுதியது:

மேலே எழுதியவர் விவரமாகச் சொல்லியிருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் அதை அப்படியே இங்கே பொருத்திப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இந்தியாவில் நிக் 1999-ல் வந்தது. நம் பிள்ளைகள் பார்ப்பது அமெரிக்க நடிகர்கள் நடித்த அந்தத் தொடர்களை அன்று. அவர்கள் பார்ப்பது ‘மோட்டு பட்லு’, ‘சிவா’, ‘ருத்ரா’ போன்றவை. ‘மோட்டு பட்லு’ லோட்பாட் என்ற இந்திச் சிறுவர் இதழின் சித்திரக் கதையிலிருந்து எடுத்து, நம் மும்பையிலேயே இருக்கும் காஸ்மோஸ் மாயா ஸ்டூடியோவில் செய்யப்பட்டு, 2012 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் ரிமோட்டில் மொழியைத் தமிழுக்கு மாற்றி வைத்தால், பிள்ளைகள் தாத்தா பாட்டியின் எதிரில் ஒரு நிமிடம் பொறுத்துவிட்டு மறுபடி இந்திக்கே போய்விடுவார்கள். அது வேறு கதை. நான் சொல்ல வருவது, இவை முழுக்க அனிமேஷன் என்பதைத்தான். படப்பிடிப்புத் தளமும் இல்லை, அங்கே குழந்தையும் இல்லை. குரல் கொடுப்பவர்களும் பெரும்பாலும் பெரியவர்களே. உரிமையும் இப்போது கைமாறி, 2024 நவம்பரில் உருவான ஜியோஸ்டார் என்ற ஊடக நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டது. எங்கோ இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்ததற்காக இங்கே ஒரு திறமையான பெண் குழந்தையின் வாய்ப்பை ஏன் தடுக்க வேண்டும்?

கோரேகாவ் அனிமேட்டர் எழுதியது:

நண்பர் சொல்வது சரியே, அதனால்தான் எனக்கு இந்த அழைப்பின்மேல் சந்தேகம் வருகிறது. இங்குள்ள குழந்தைகள் சேனல்களின் நேரத்தில் மிகப் பெரும்பகுதி கார்ட்டூன் என்றால், ஒன்பது வயதுக் குழந்தை அங்கே நேரில் எதற்கு? விளம்பரமாக இருக்கலாம், சேனலின் முன்னோட்டத் துணுக்காக (பிரமோ) இருக்கலாம், யூடியூப் காணொளியாகவும் இருக்கலாம். "குழந்தைகள் சேனல்" என்று சொன்னால் பெற்றோர் நம்பிக்கையோடு வருவார்கள் என்பது கோஆர்டினேட்டர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆராம் நகரின் அந்தப் பழைய பங்களாக்களில் அறைக்கு ஒரு ஆடிஷன் நடக்கும், வாசலில் தாளில் எழுதி ஒட்டியிருக்கும் பெயரைத் தவிர வேறு அடையாளம் இருக்காது. உண்மையான ஆடிஷனுக்குக் கட்டணம் கிடையாது. போர்ட்போலியோ எடுக்க, கார்டு போட, பதிவுக்கு என்று எதற்குப் பணம் கேட்டாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

மாட்டுங்கா வழக்கறிஞர் எழுதியது:

சகோதரி, சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாதுகாப்பு இருக்கிறது, ஆனால் அது இருப்பது பெற்றோருக்கும் தெரிவதில்லை, செட்டில் இருப்பவர்களும் நினைவூட்டமாட்டார்கள்.

பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை வேலைக்கு வைப்பதைத் தடைசெய்யும் சட்டம் 2016-ல் திருத்தப்பட்டபோது, விளம்பரம், திரைப்படம், தொலைக்காட்சி ஆகியவற்றில் கலைஞராகப் பங்கேற்பதற்கு மட்டும் நிபந்தனைகளோடு விலக்கு அளிக்கப்பட்டது. அந்த நிபந்தனைகள் 2017-ல் விதிகளாக வந்தன. குழந்தை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது, ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் மாவட்ட மாஜிஸ்ட்ரேட்டிடம், அதாவது நாம் கலெக்டர் என்று சொல்பவரிடம், தயாரிப்பாளர் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். அதற்குப் படிவம் ‘சி’ என்று பெயர். பங்கேற்கும் குழந்தைகளின் பட்டியல், பெற்றோரின் ஒப்புதல், குழந்தைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்பவரின் பெயர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஐந்து குழந்தைகளுக்கு ஒருவராவது பொறுப்பாளர் வேண்டும். தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, படிப்பு தடைப்படக்கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாக நேரடியாகச் செல்ல வேண்டும். குழந்தைக்கு விருப்பமில்லை என்றால் அத்தோடு முடிந்தது, பெற்றோரின் கையெழுத்து அதை மாற்றாது.

இனி நடைமுறை. மும்பைத் தொலைக்காட்சித் துறையில் ஒரு ஷிஃப்ட் என்பது பன்னிரண்டு மணி நேரம். ஐந்து மணி நேரக் குழந்தையை அதற்குள் வைத்து அட்டவணை போடுவது தயாரிப்பு மேலாளருக்குச் சுமை, ஆகவே குழந்தை காலையிலேயே வந்து மேக்கப்போடு வேனிட்டி வேனில் காத்திருக்கும், "காத்திருந்தது வேலையில் சேராது" என்பார்கள். அந்த வாதத்தை நீங்கள் ஏற்காதீர்கள், உள்ளே வந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும், அன்றைய படப்பிடிப்பு விவரம் எழுதிய அழைப்புத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். காசோலை பெரும்பாலும் 90 நாள் கழித்துத்தான் வரும், அதுவும் கோஆர்டினேட்டரின் கமிஷன் போக. அந்த 20 சதவீதம் எங்கே போகிறது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

டோம்பிவிலி நண்பருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில், ஜாக்கி கூகன் என்ற சிறுவர் நடிகரின் சம்பாத்தியத்தில் பெரும்பகுதியைத் தாயும் மாற்றாந்தந்தையுமே செலவழித்துவிட்டதைத் தொடர்ந்து, 1939-லேயே சட்டம் வந்தது, இன்று வருமானத்தில் 15 சதவீதம் குழந்தைக்கென ஒதுக்கப்படுகிறது. பணத்தைப் பாதுகாக்க அவ்வளவு முன்னரே யோசித்த அதே மாநிலம், சிறுவர் நடிகர்களுக்குப் பயிற்சியும் வாய்ப்பும் ஏற்பாடு செய்வோரின் குற்றப் பின்னணியைக் கைரேகை எடுத்துச் சரிபார்க்கும் சட்டத்தை 2012-ல்தான் கொண்டுவந்தது. பெக் தண்டிக்கப்பட்டு எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு! நம் 2017 விதிகளிலோ செட்டில் குழந்தையோடு பழகுவோரின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும் என்று தனியாக ஒரு வரியும் இல்லை. இன்னொரு ஓட்டையும் உண்டு. அந்த விதிகள் பதினான்கு வயதோடு முடிந்துவிடுகின்றன. டிரேக் பெல்லுக்கு அந்தக் கொடுமை நடந்த வயது பதினைந்து. போக்சோ சட்டம் பதினெட்டு வயது வரை காக்கிறது என்பது உண்மைதான், அதன்படி இப்படியொரு குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பதும் குற்றமே. ஆனால் போக்சோ பெரும்பாலும் நடந்த பிறகு கைகொடுப்பது, செட்டில் மணி பார்த்துக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் விதி வேறு.

திரையில் தெரிவதைப் பற்றி நம் அரசும் அக்கறை காட்டுகிறது, அதைக் குறையாகச் சொல்லவில்லை. சிப்ஸ், குளிர்பானம் போன்றவற்றின் விளம்பரம் குழந்தைகளுக்கான சேனல்களில் வரக்கூடாது என்று 2022 ஜூனில் வெளியான விளம்பர வழிகாட்டுதல்களில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். அந்தத் தெளிவு அறைக்குள் யார் இருக்கிறார்கள் என்ற விஷயத்தில் இல்லை.

செம்பூர் வாசகி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. இந்தப் பதில்களை என் கணவரோடும் மாமியாரோடும் உட்கார்ந்து படித்தேன். பெல்லின் தந்தையைப் பற்றிய பகுதியை மாமியார் மறுபடி படிக்கச் சொன்னார்கள். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ஆடிஷன் அறைக்குள் பெற்றோர் வரக்கூடாது, குழந்தை கூச்சப்படும் என்று அந்தக் கோஆர்டினேட்டர் சொல்கிறார். இது வழக்கமா?

கோரேகாவ் அனிமேட்டர் எழுதியது:

சொல்வது உண்டு, சில குழந்தைகள் அம்மாவைப் பார்த்தால் வசனத்தை மறந்துவிடுவதும் உண்டு. நல்ல காஸ்டிங் ஆட்கள் அதற்காகக் கதவைத் திறந்து வைப்பார்கள், அல்லது கேமரா திரையைப் பெற்றோர் பார்க்கும்படி வெளியே ஒரு மானிட்டர் வைப்பார்கள். மூடிய கதவுக்கு எந்தக் காரணமும் போதாது.

மாட்டுங்கா வழக்கறிஞர் எழுதியது:

சட்டப்படி உங்களை வெளியே நிறுத்த அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. போவதற்கு முன் சேனலின் பெயர், தயாரிப்பு நிறுவனத்தின் பெயர், படிவம் ‘சி’ யார் பெயரில் தாக்கல் செய்யப்படும் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். முகத்தை இருபக்கமும் காட்டும் அந்தக் காணொளியைப் பதில் வரும்வரை அனுப்ப வேண்டாம். அது எத்தனை குழுக்களில் சுற்றும் என்பது உங்கள் கையில் இல்லை.

செம்பூர் வாசகி எழுதியது:

கேட்டுவிட்டோம். சேனலின் பெயரை ஆடிஷனில் தேர்வான பிறகுதான் சொல்ல முடியும் என்றும், படிவமெல்லாம் "புரொடக்‌ஷன் பார்த்துக்கொள்ளும்" என்றும் பதில் வந்தது. இந்த ஆடிஷனுக்கு நாங்கள் போகவில்லை. மகளை மாட்டுங்காவில் நடக்கும் சிறுவர் நாடகப் பயிற்சியில் சேர்க்க விசாரித்துக்கொண்டிருக்கிறோம். அங்கே பெற்றோர் பின்வரிசையில் உட்காரலாமாம்.